துண்டை வீசிய அண்ணன்

படம் வெளிவரும்வரை பாங் குவான்சிக்கின் முகத்தை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. அவர் சொக்சோ என்ற துறைமுக ஊரில் கால்வாய்த் தெப்பம் இழுப்பவர். இரண்டு கரைக்கும் நடுவே கட்டியிருக்கும் இரும்புக் கம்பியில் கொக்கியை மாட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, பலகைமேல் ஒவ்வொரு அடியாக வைத்து இழுப்பார். தெப்பம் நகரும். ஏறுகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், பறவைகளுக்கு நொறுக்குத்தீனி வீசுவார்கள், அக்கரை வந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். இழுக்கிறவரின் முதுகை வேண்டுமானால் பார்த்திருப்பார்கள்.

அக்கரையில் அபாய்க் குடியிருப்பு. போரின்போது வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள், சண்டை ஓய்ந்ததும் ஊர் திரும்பிவிடலாம் என்று மணல்மேட்டில் குடிசை போட்ட இடம். திரும்ப முடியவே இல்லை. குவான்சிக்கின் பெற்றோரும் அப்படி வந்தவர்கள்தான். மியோங்தே என்ற குளிர்கடல் மீனைப் பிடிக்கப் போன அப்பா படகோடு கடலில் போய்விட்டார். அம்மா கணவாய் கிழித்துக் காயப்போட்டு இரண்டு பையன்களை ஆளாக்கினாள். மூத்தவர் குவான்சிக். அவருக்கு ஐந்து வயது இளையவன் தேசிக்.

துறைமுகத்துப் பையன்களுக்குப் படகை விட்டால் குத்துச்சண்டைதான் என்றிருந்த காலம் அது. குவான்சிக்கும் ஆடினார். நன்றாகவே ஆடினார் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். காங்நுங்கில் நடந்த ஒரு போட்டியில் வலது கை எலும்புகள் நொறுங்கின. கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை. அதற்கப்புறம் அந்தக் கை முழுசாக மூடவே இல்லை. ஒரு குளிர்காலம் பூராவும் குடித்தார். பனி உருகியதும் ஒருநாள் தம்பியை வலைக் கிடங்குக்குக் கூட்டிப்போய், உத்திரத்தில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, முதலில் இடது கையைத் தூக்கக் கற்றுக்கொள் என்றார். அங்கே ஆரம்பித்ததுதான். எட்டு வருஷம் தம்பியோடு ஓடினார், தம்பிக்குச் சமைத்தார், தம்பியின் துணியைத் துவைத்தார். என்னைவிட இவன் நூறு மடங்கு என்று போகிற இடமெல்லாம் சொன்னார்.

தேசிக் ஆசியப் பட்டத்துக்காக சியோலில் மோதிய இரவில் அபாய் முழுவதும் மீனவர் சங்கக் கட்டிடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. எதிராளி பிலிப்பைன்ஸ்காரன். பத்துச் சுற்று வரைக்கும் புள்ளிகளில் தேசிக்தான் முன்னிலை. பத்தாவது சுற்றின் முடிவில் காதுக்குப் பின்னால் ஓர் அடி விழுந்தது. விழுந்தவன் எழுந்துவிட்டான். மணி அடித்ததும் தன் மூலைக்கு வராமல் எதிராளியின் மூலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். குவான்சிக் உள்ளே ஏறிப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடித்தார். தம்பி அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, அம்மா வந்துட்டாளா?"

அம்மா சொக்சோவில் இருந்தாள். அடுத்த மணி அடித்தபோது அவன் தானாகவே எழுந்து போனான். கால் தரையில் பாவவில்லை. ஆட்டம் போதும், தோல்வியை ஏற்கிறோம் என்பதற்கு அடையாளமாகக் குவான்சிக் கையிலிருந்த துண்டை உள்ளே வீசினார். ஆட்டம் முடிந்தது, பட்டம் போயிற்று.

ஒரு வருஷத்துக்கு மேல் தேசிக் அண்ணனோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "அண்ணி, சோறு இருக்கா?" என்றான். குவான்சிக்கின் மனைவி ஓக்புன் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பின்னாளில் சோஜு சாராயம் ஏறினால் தேசிக்கே எல்லாரிடமும் சொல்வான், அண்ணன் மட்டும் துண்டு போடவில்லை என்றால் நான் இன்றைக்குக் கல்லுக்கு அடியில்தான் என்று.

தேசிக் வாங்கிய அடிகளெல்லாம் ஐம்பது வயதுக்கு மேல் வந்து கணக்குத் தீர்த்தன. முதலில் பேச்சுக் குழறியது. பிறகு அடுப்பை மறந்தான், படகை மறந்தான், எப்போதோ பிரிந்துபோன மனைவியின் பெயரையும் மறந்தான். குழந்தை கிடையாது. அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். மூளையில் பழைய அடி என்றார் மருத்துவர், இனி இறங்குமுகம்தான் என்றும் சொன்னார். ஆனால் குத்துச்சண்டை மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. எந்த ஊரில், எவனோடு, எத்தனையாவது சுற்று என்று கேட்டால் சொல்வான். துண்டு விழுந்ததையும் சொல்வான்.

ஹேவோன் என்ற சினிமா இயக்குநர் வந்தது அந்த நாட்களில்தான். நாற்பது வயதுப் பெண், பணிவானவள். ஓக்புன் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அவள் சோறு திணித்து அவிக்கும் கணவாயைச் சாப்பிட்டுக்கொண்டே சகோதரர்களின் கதையை நாள் கணக்கில் கேட்டாள். குவான்சிக் எதையும் மறைக்கவில்லை. பேசிப் பழகாத மனிதர், ஆனாலும் தம்பியைப் பற்றி ஒருத்தி இவ்வளவு தூரம் வந்து கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில் கொட்டிவிட்டார். கடைசி நாளில் அவள் கேட்டாள்.

"துண்டு போட்டப்போ மனசுல வேற ஏதாவது இருந்துச்சா ஐயா?"

"பயம்தாம்மா."

"பயம் மட்டும்தானா?"

"பயம் வந்துட்டா வேற எதுக்கும்மா உள்ள இடம்?"

அவள் தலையாட்டினாள். பதிவுக் கருவியை அணைத்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

படத்துக்கு 'ஒரே மூலை' என்று பெயர். பெயர்களை மாற்றியிருந்தார்கள், ஆனால் ஊர் சொக்சோதான், தெப்பமும் தெப்பமேதான். ஊர்த் தியேட்டரில் முதல் காட்சிக்குச் சகோதரர்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தது. குவான்சிக் மகளின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

முதல் பாதி அவருக்குப் பிடித்திருந்தது. வலைக் கிடங்கும் மணல் மூட்டையும் அப்படியே இருந்தன. அண்ணன் தன் பங்குச் சோற்றைத் தம்பி கிண்ணத்தில் தள்ளும் காட்சியில் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு பட்டப் போட்டிக்கு முந்தின நாள் வந்தது. உடை மாற்றும் அறையில் அண்ணன் தனியாக நிற்கிறான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். உடைந்த கையைப் பார்க்கிறான். சுவரில் ஒட்டியிருக்கும் தம்பியின் படத்தைப் பார்க்கிறான். இசை மாறுகிறது. அவ்வளவுதான். அந்தக் கண்ணாடியிலிருந்து திரும்பும்போது அவன் வேறு ஆளாகிவிட்டான். மறுநாள் தம்பி ஜெயிக்கப் போகிற நேரத்தில், தெளிவாக, உறுதியாக நின்று ஆடிக்கொண்டிருக்கிற நேரத்தில், துண்டை வீசுகிறான். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறாள். சகோதரர்கள் இருபது வருஷம் பிரிகிறார்கள். கடைசியில் அம்மாவின் கல்லறையில், மழையில், அண்ணன் மண்டியிட்டுப் பொறாமையில் செய்துவிட்டேன் என்கிறான். தம்பி தூக்கி நிறுத்துகிறான். முடிந்தது. தியேட்டரே அழுதது.

ஓக்புன் அவர் கோட்டுக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. "அத்தை அன்னிக்கு என்கூட உட்கார்ந்து கூழ் குடிச்சிட்டு இருந்தாங்களேங்க," என்றாள் மெதுவாக. அம்மா இறந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. இரண்டு பையன்களும் பக்கத்தில் இருந்தார்கள்.

விளக்கு எரிந்ததும் இயக்குநர் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கேமராக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் அவர் வாயையே பார்த்தார்கள்.  குவான்சிக் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை செய்தியிலும் வந்தது.

தேசிக் வெளியே வந்தும் அழுதுகொண்டிருந்தான். அண்ணன் கையை விடவே இல்லை. "பாவம்ணே அந்தப் பையன்," என்றான். யாருடைய கதை என்று அவனுக்குத் தெரியவில்லை. குவான்சிக்குக்கு அது ஓர் ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்தக் குளிர்காலம் பூராவும் சொக்சோ தியேட்டரில் படம் ஓடியது. சொந்த ஊர்ப் படம், எடுக்கத் தியேட்டர்காரருக்கு மனம் வரவில்லை. தேசிக்குக்கு டிக்கெட் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்று தியேட்டர்காரர் சொல்லிவிட்டார். பகலில் குவான்சிக் தெப்பத்தில், ஓக்புன் கடையில். வீட்டில் விட்டால் தேசிக் கதவைத் திறந்துகொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவான். ஒருமுறை முழங்கால் அளவு கடலில் நின்றவனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தியேட்டரில் கதகதப்பு இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. காலையில் தொப்பியும் கழுத்துத் துணியும் மாட்டி குவான்சிக்தான் அவனைக் கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் போய்க் கூட்டிவருவார்.

தெப்பத்தில் இப்போது எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சியோலிலிருந்து வந்த பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள், இவரா, பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று. வாலிபப் பையன்கள் சிலர் பையிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டி, "தாத்தா, ஒருதடவை வீசுங்க தாத்தா, போட்டோ எடுத்துக்கிறோம்," என்றார்கள். கெட்ட பையன்கள் இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். அவர் கொக்கியை மாட்டி இழுத்தார். அபாயில் விஷயம் தெரிந்த கிழவர்கள் மிச்சம் இருந்தார்கள். முதலில் அவர்களுக்கும் கோபம் வந்தது. ஆனால் மாதம் போகப் போக அவர்கள் பேச்சும் இறங்கியது. அந்த மூலையில் என்ன நடந்தது என்று நாமா பார்த்தோம், டிவியில் தெரிந்தது துண்டு மட்டும்தானே என்று ஒருவர் சொன்னதாக ஓக்புன் காதுக்கு வந்தது.

ஒருநாள் கடைக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியார் பத்திரிகையில் வந்த விமரிசனத்தைப் படித்துக் காட்டினார். முதல் பாதியில் உயிரைக் கொடுக்கிற அண்ணன் ஒரு கண்ணாடியைப் பார்த்ததும் எப்படி மாறுகிறான், படம் அதைச் சொல்லவே இல்லை, கதையின் முதுகெலும்பே அங்கே உடைகிறது என்று எழுதியிருந்தது. குவான்சிக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒருத்தன் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தார். "மேல படிங்க," என்றார். வாத்தியார் படித்தார். அந்த அண்ணனுக்குள் வருஷக்கணக்காக ஊறிய விஷத்தை இயக்குநர் இன்னும் துணிச்சலாகக் காட்டியிருக்க வேண்டும் என்று கட்டுரை முடிந்தது.

குவான்சிக் எழுந்து தெப்பத்துக்குப் போய்விட்டார்.

வசந்தம் பிறக்கும் சமயத்தில் ஒரு சாயங்காலம், ஓக்புன் தினை போட்டு நொதிக்க வைத்த நாக்குமீனைக் குவான்சிக் தம்பியின் சோற்றின்மேல் எடுத்து வைத்தார். தேசிக்குக்குச் சின்ன வயதிலிருந்து அது உயிர். அவன் கிண்ணத்தைத் தள்ளினான்.

"நீ வச்சது வேணாம்."

"ஏன்டா?"

"நான் ஜெயிச்சிட்டு இருந்தேன். உனக்குப் பொறுக்கல."

குவான்சிக் சிரிக்கப் பார்த்தார். அது படம்டா, அந்தப் பையன் நீ இல்லை, அந்த அண்ணன் நானில்லை என்றார். தேசிக் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிராளியை அளக்கும்போது அவன் பார்க்கிற பழைய பார்வை. கண்ணாடி முன்னால் நின்றதை நான் பார்த்தேன் என்றான். அம்மா உன்னால்தான் செத்தாள் என்றான்.

அன்றிலிருந்து அவனைத் தியேட்டருக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆனால் உள்ளே போனது போனதுதான். பழைய போட்டிகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு வந்தன, படத்தில் வந்த போட்டி மட்டும் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பது போல அவனிடம் தங்கிவிட்டது. தினமும் புதிதாக ஒன்று சேர்ந்தது. இருபது வருஷம் நீ என்னைத் தேடி வரவில்லை என்றான். பேசாமல் இருந்த அந்த ஒரு வருஷம் போக, மற்ற வருஷமெல்லாம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

குவான்சிக் வழக்காடினார். வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. படத்தில் இருக்கிற ஓட்டைகளையெல்லாம் எடுத்து அடுக்கினார். எனக்குப் பொறாமை இருந்தால் எட்டு வருஷம் எதற்கு உன் பின்னால் ஓடுவேன்? உன்னைத் தோற்கடிக்க ஆசைப்படுகிறவன் முந்தின சுற்று முடிந்ததும் எதற்கு உன் முகத்தில் தண்ணீர் அடிப்பான்? கண்ணாடியைப் பார்த்தால் பொறாமை வந்துவிடுமா? தினமும் சவரம் செய்கிறேனே, எத்தனை பேரைக் கொன்றிருக்க வேண்டும்? தேசிக் கேட்டுக்கொண்டே இருப்பான். எல்லாம் முடிந்ததும், "அப்ப நான் ஏன் அழுதேன்?" என்பான்.

குவான்சிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி பிடித்துத் தம்பியை மலைச்சரிவில் இருக்கும் அம்மாவின் கல்லறைக்குக் கூட்டிப்போனார். கல்லில் அம்மா இறந்த தேதி வெட்டியிருந்தது. தேசிக்கின் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின் மேல் வைத்தார். பட்டப் போட்டி எந்த வருஷம் என்று கேட்டார். தேசிக் சரியாகச் சொன்னான். கல்லில் என்ன வருஷம் என்று கேட்டார். அதையும் படித்தான். கொஞ்ச நேரம் இரண்டையும் யோசித்தான். 

"கல்லுல தப்பா வெட்டியிருக்கானுங்க," என்றான் தேசிக். "நீதான் வெட்டச் சொல்லியிருப்பே."

அதற்குப் பிறகு அவன் அண்ணன் கையால் எதையும் வாங்கவில்லை. பிறகு அண்ணி கையாலும் வாங்கவில்லை, அவளும் அந்த மூலையைச் சேர்ந்தவள்தானே. அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவான். கன்னம் உள்ளே போயிற்று. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். இப்படியே போனால் தாங்காது என்றார் மருத்துவர். ஓக்புன் கடையை மூடிவிட்டு வீட்டோடு உட்கார்ந்தாள்.

குவான்சிக் சியோலுக்குப் பஸ் ஏறினார்.

இயக்குநரின் அலுவலகம் நாலாவது மாடியில் சின்ன அறை. அவரைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். வழக்குப் போட வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள், முகம் வெளுத்துவிட்டது. அவர் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். அவள் மழுப்பவில்லை. முதலில் எழுதியது அவர் சொன்னபடிதான் என்றாள். படத்துக்குப் பணம் போட்டவர்கள் படித்துவிட்டு, பயந்து துண்டு போட்டான், அது சரியாகவும் இருந்தது, அப்புறம் கதை எங்கே என்று கேட்டார்கள். சேர வேண்டுமானால் முதலில் பிரிய வேண்டும், பிரிய வேண்டுமானால் ஒருவன் தப்புச் செய்திருக்க வேண்டும். கண்ணாடிக் காட்சியைப் படப்பிடிப்பின் கடைசி வாரத்தில் அரை நாளில் எடுத்துச் சேர்த்தோம். அது ஒட்டவில்லை என்று எனக்கே தெரியும் ஐயா என்றாள்.

"ஒட்டலைன்னு உங்களுக்குத் தெரியுது," என்றார் குவான்சிக். "என் தம்பிக்கு ஒட்டிக்கிச்சே டைரக்டரம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வந்து அவனிடம் சொல்லுங்கள், நான்தான் கட்டிவிட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் மறுநாளே தன் காரில் அவரோடு கிளம்பி வந்தாள்.

பின்னறையில் தேசிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். அண்ணன் பொறாமைப்படவில்லை. நான் பொய்யாக எழுதினேன். அம்மா அன்றைக்குச் சாகவில்லை. மன்னிக்க வேண்டியது என்னைத்தான். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. தேசிக் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். முடிந்ததும் கேட்டான்.

"நீங்க யாரும்மா?"

"அந்தப் படத்தை எடுத்தவ."

"எந்தப் படம்?"

அவள் குவான்சிக்கைத் திரும்பிப் பார்த்தாள். தேசிக் அவள் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னான்.

"நீங்க அங்க இல்லம்மா. உங்களுக்குத் தெரியாது. நான் இருந்தேன்."

அவள் வாசலில் வெகுநேரம் செருப்பை மாட்டத் தெரியாமல் நின்றாள். ஓக்புன் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் தேசிக் பக்கத்து வீட்டுப் பெண்கள் கொடுப்பதையும் நிறுத்தினான். உதடு வெடித்திருந்தது. சோறு எடுத்துக்கொண்டு போனால் வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று முதலில் கண்டுபிடித்தவள் ஓக்புன்தான்.

"கடைசிக் காட்சி இன்னும் வரலைல்ல," என்றாள் அவள். "அவரு அதுக்குத்தான் உட்கார்ந்திருக்காரு."

குவான்சிக்குக்குப் புரிந்தது. புரிந்ததும் ஆத்திரம் வந்தது. செய்யாததைச் செய்தேன் என்று நான் சொல்வதா, உலகத்திலேயே உண்மை தெரிந்த இன்னொருவன் அவன்தான், அவனிடமே போய் நான் பொய் சொல்வதா என்று கத்தினார். ஓக்புன் கஞ்சிக்கு அரிசி களைந்தாள். அவர் துறைமுகம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மத்தியான வெயில் பின்னறையில் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. தம்பியின் கைகள் மடிமேல் கிடந்தன. எட்டு வருஷம் அவர் தினமும் பட்டைத்துணி சுற்றிவிட்ட கைகள், இப்போது மணிக்கட்டு எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு இருந்தது.

குவான்சிக் தரையில் மண்டியிட்டார். நெற்றி தரையில் பட்டது.

"பொறாமைலதான்டா போட்டேன். என்னை மன்னிச்சிரு."

தேசிக் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். படத்தில் இந்த இடத்தில் தம்பி பேசாமல் அண்ணனைத் தூக்கி நிறுத்துவான். தேசிக் தூக்கவில்லை. அவன் கேட்டான்.

"ஏன்ணே?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"எம்மேல உனக்கு என்னண்ணே பொறாமை?"

விமரிசனக்காரன் கேட்ட அதே கேள்வி. இயக்குநரால் சொல்ல முடியாத பதில்.  சொல்லி முடிக்காவிட்டால் இவன் சாப்பிட மாட்டான் என்று குவான்சிக்குக்குத் தெரிந்தது. எதையாவது சொல்ல வேண்டும். கதை கட்டத் தெரியாத மனிதர். அவர் வாயில் வந்தது இதுதான்.

"உனக்கு ரெண்டு கையும் மூடும்டா. தினமும் ராத்திரி நீ கையை மூடி மூடித் தொறந்து பாப்ப. நான் படுத்துக்கிட்டு அதையே பாத்துட்டு இருப்பேன்."

தேசிக் குனிந்து அண்ணனின் வலது கையை எடுத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். மூன்று விரல் பாதியில் நின்றன. அவன் கண் நிறைந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றான்.

ஓக்புன் கதவோரத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். தேசிக் குடித்தான். முழுக் கிண்ணமும் குடித்தான்.

அன்று பாத்திரம் கழுவும்போது ஓக்புன் கணவரைப் பார்க்காமல் கேட்டாள், அந்தக் கை விஷயம் அவரே கட்டியதா என்று. ஆமாம் என்றார். பிறகு தெரியவில்லை என்றார். அப்போது இருந்ததா, இப்போது சொன்னதால் வந்ததா என்று எவ்வளவு யோசித்தும் தனக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை என்றார். அவள் கழுவிய கிண்ணத்தைத் திரும்பவும் கழுவினாள்.

தேசிக் அதற்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டான். அண்ணன் கையாலேயே சாப்பிட்டான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், அண்ணனை நான் மன்னித்துவிட்டேன், பாவம் அவருக்குக் கை சரியில்லை என்று சொன்னான். குவான்சிக் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். சில நாள் தம்பி பழைய ஞாபகத்தில், துண்டு போடாவிட்டால் நான் கல்லுக்கு அடியில் என்று சொல்லிவிட மாட்டானா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் நிமோனியா வந்து இரண்டே நாளில் போய்விட்டான்.

இறுதிச் சடங்குக் கூடத்தில் கூட்டம் தாங்கவில்லை. அபாய்க்காரர்களைவிடப் படம் பார்த்தவர்கள் அதிகம். இயக்குநர் வெள்ளைச் செவ்வந்தி மாலை அனுப்பியிருந்தாள், நேரில் வரவில்லை. தேசிக்கின் போட்டோவுக்கு முன்னால் ஆட்கள் ஊதுவத்தி ஏற்றி வணங்கினார்கள், பிறகு குவான்சிக்கின் பக்கம் திரும்பி வணங்கினார்கள். அவர் கையில் துக்கப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் வைத்தார்.

எங்கோ வெளியூரிலிருந்து வந்த நடுவயதுக்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவருக்கும் ஒரு தம்பி இருக்கிறானாம், பேசிப் பல வருஷம் ஆகிறதாம், உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தேன் என்றார். "சாகறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்டுட்டீங்க ஐயா. அது பெரிய மனசு."

ஓக்புன் சமையல் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். சொன்னால் தானும் போய்ப் பக்கத்தில் நிற்கத் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றார் குவான்சிக். "நல்லவேளை கேட்டேன்." பிறகு அந்த மனிதரைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப்போய், மாட்டிறைச்சிக் காரச் சாறு ஆறிப்போவதற்குள் சாப்பிடச் சொல்லி, எதிரில் உட்கார்ந்தார்.